அப்பாவின் கமராவுக்குள் 22 படங்கள்

அன்புள்ள அண்ணாவுக்கு,

அப்பா காலமாகி இரண்டு வருடமாகிறது. போன மாதம் அவருடைய அலுமாரியைத் துப்புரவாக்கும்போது அடித்தட்டில் ஒரு பென்டக்ஸ் கே 1000 கமரா தோல் உறையோடு கிடந்தது. சவூதியில் வேலை செய்துவிட்டு 1984இல் திரும்பியபோது கொண்டுவந்ததாம். இடம்பெயர்ந்தபோது அரிசி மூட்டைக்குள் வைத்துக் கொண்டுபோனோம் என்று அம்மா சொன்னார். படம் எண்ணும் முள் 22இல் நிற்கிறது. பிலிம் இருக்கிறதா என்று பின்மூடியைத் திறந்து பார்க்கலாமா?

இன்னொன்று. இதில் புது பிலிம் போட்டு எடுக்க ஆசையாக இருக்கிறது. "போனில் பில்டர் போட்டால் இதே கலர் வரும், ஏன் காசைக் கரியாக்கிறாய்" என்கிறான் தம்பி. என் போனில் பதினோராயிரம் படங்கள் இருக்கின்றன. அவன் சொல்வதும் சரிதானோ?

கொக்குவிலில் இருந்து ஒரு வாசகி

*

அன்புத் தங்கைக்கு,

மூடியைத் திறக்காதீர்கள். மிச்சத்தைப் பிறகு கதைப்போம்.

இந்தக் கமராவில் பின்மூடியைத் திறந்தால் அந்த முள் தானாகவே தொடக்கத்துக்குப் போய்விடும். அது 22இல் நிற்கிறது என்றால் அப்பாவுக்குப் பிறகு யாரும் திறக்கவில்லை என்றுதான் அர்த்தம். மேலே இடதுபக்கக் குமிழில் மடித்து வைத்த ஒரு சின்னக் கைபிடி இருக்கும். அதை விரித்து, அம்புக்குறி காட்டும் பக்கமாக மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். கைக்கு இறுக்கம் தெரிந்தால் உள்ளே பிலிம் இருக்கிறது. அப்படியென்றால் கமராவின் அடிப்பக்கத்தில் உள்ள சின்னப் பொத்தானை அமர்த்திவிட்டு, அதே பக்கமாகச் சுற்றிக்கொண்டே போங்கள். அவசரம் வேண்டாம். பழைய பிலிம் காய்ந்த பனையோலை மாதிரி, இழுத்தால் கிழியும். ஓரிடத்தில் இறுக்கம் விட்டுக் கைபிடி இலகுவாகச் சுற்றும். அதன் பிறகும் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, வெயில் படாத அறைக்குள் வைத்துத் திறக்கலாம்.

வெளியே வரும் குப்பியில் சி-41 என்று எழுதியிருந்தால் அது வழக்கமான கலர் பிலிம். அதைக் கலராகக் கழுவக் கொடுக்கவேண்டாம் என்பது என் எண்ணம். எங்கள் ஊர்ச் சூட்டில் இத்தனை வருடம் அலுமாரிக்குள் கிடந்த கலர் பிலிமில் மூன்று வண்ணப் படைகளும் மூன்று விதமாகப் பழுதாகியிருக்கும். எல்லாவற்றின் மேலும் ஒரு மூட்டம் படிந்திருக்கும். அதையே கறுப்பு வெள்ளை மருந்தில் கழுவினால் கலர் போய்விடும், ஆனால் முகங்கள் வர வாய்ப்புக் கூட. இருபத்திரண்டும் வரும் என்று நான் சொல்லமாட்டேன். ஐந்தாறு வந்தாலே பெரிய விசயம்.

நான் இதில் இவ்வளவு பதறுவதற்குக் காரணம் உண்டு. 1995 ஒக்டோபரில், அக்காவின் மகனுக்குச் சோறு தீத்திய அன்று ஒரு ரோல் எடுத்து, கஸ்தூரியார் வீதியில் ஒரு கடையில் கழுவக் கொடுத்திருந்தேன். சண்டை நெருங்கி, 30ஆம் திகதி எல்லோரும் யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்டோம். நாவற்குழிப் பாலத்தில் சனத்தோடு சனமாக அடியடியாக நகர்ந்தபோது அந்த ரோல் நினைவிலேயே இல்லை. அடுத்த வருடம் சித்திரையில் திரும்பிவந்து போய்ப் பார்த்தால், ஓடு போன கடைக்குள் ஒரு மாரி முழுவதும் பெய்து முடிந்திருந்தது. வீட்டில் விட்டுப்போன அல்பங்களும் இல்லை.

இன்று எங்கள் வீட்டில் இருக்கும் என் அப்பாவின் இளவயதுப் படம் ஒன்றே ஒன்றுதான். அது லண்டனில் இருந்து வந்தது. 1988இல் மாமிக்கு எழுதிய கடிதத்தோடு அப்பா அதை அனுப்பியிருக்கிறார். கடித உறைக்குள் அடங்கவேண்டும் என்று வலது ஓரத்தைக் கத்தரிக்கோலால் நறுக்கியிருக்கிறார். அதனால் அவர் பிடித்துக்கொண்டு நிற்கும் சைக்கிளுக்குப் பின்சில்லு இல்லை. பின்பக்கத்தில் நீலப் பேனையால் "நல்லூர்த் தேர் அன்று" என்று அவருடைய சாய்ந்த எழுத்து. பத்திரமாக வைத்திருந்ததெல்லாம் போய்விட்டது. யாருக்கோ கொடுத்தது மட்டும் திரும்பி வந்தது. இந்த ஊரில் எத்தனையோ வீடுகளின் கதை இதுதான். கனடாவுக்கோ ஜெர்மனிக்கோ போன ஒரு கல்யாணப் படம், இங்கே உள்ளவர்களுக்கு அங்கிருந்து பிரதியாக வந்து சேர்ந்திருக்கும்.

கலரைப் பற்றித் தம்பி சொன்னது சரி. அந்த மஞ்சள் சாயலுக்காக மட்டும் பிலிம் வாங்குவதென்றால் வேண்டாம். 2022இல் ரூபாய் விழுந்த பிறகு, இறக்குமதியாகும் ஒரு ரோல் விளையாட்டுச் சாமான் இல்லை. போன் படத்தையும் கடுதாசியில் எடுக்கலாமே என்று அவன் கேட்டால் அதற்கும் ஆம், கட்டாயம் எடுங்கள். ஆனால் பதினோராயிரத்தில் எந்த மூன்றை எடுப்பீர்கள்? நான் என் போனோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் இருந்து பார்த்துவிட்டுக் கைவிட்டேன். 36 படங்களை மேசையில் பரப்பினால் மூன்று தானாகக் கண்ணில் படும். ஒன்று எடுத்தவருக்கு, ஒன்று படத்தில் இருப்பவருக்கு, ஒன்று தூரத்தில் உள்ள ஒருவருக்கு. நான் பிலிமுக்குத் திரும்பியது இதற்காகத்தான். நெகட்டிவ் வீட்டில் இருக்கும், படம் ஊர் ஊராகப் போகும்.

ஆகவே புது பிலிம் போடுங்கள். அதற்கு முன் கொஞ்சம் வேலை இருக்கிறது. அந்தத் தோல் உறையை முதலில் கழற்றி வெளியே வையுங்கள், தோல் ஈரத்தைப் பிடித்துப் பூஞ்சணத்தை வளர்க்கும். லென்ஸைக் கழற்றி ரோச் லைற்றை ஒரு பக்கம் பிடித்து மறுபக்கத்தால் பாருங்கள். உள்ளே சிலந்தி நூல் மாதிரித் தெரிந்தால் பூஞ்சணம். ஓரத்தில் கொஞ்சம் என்றால் பயமில்லை, படம் வரும். கமராவின் பின்மூடி ஓரத்தில் இருக்கும் கறுப்பு ஸ்பொஞ்ச் பெரும்பாலும் உருகிப் பாணி மாதிரி ஒட்டும். அதைச் சுரண்டி எடுத்துப் புதிது ஒட்டாவிட்டால் பிலிமில் வெளிச்சம் கசியும்.

ஷட்டருக்குப் பற்றரி தேவையே இல்லை. உள்ளே வெளிச்சத்தை அளக்கும் ஒளிமானிக்குத்தான் எல்ஆர் 44 என்ற சின்னப் பொத்தான் பற்றரி ஒன்று, மணிக்கூட்டுக் கடையில் வாங்கலாம். இந்தக் கமராவில் ஒளிமானியை நிறுத்த ஆளி கிடையாது, லென்ஸ் மூடியைப் போட்டு வைத்தால்தான் பற்றரி தீராமல் இருக்கும். பற்றரி இல்லாவிட்டாலும் எங்கள் வெயிலே போதும். ஐஎஸ்ஓ என்பது பிலிம் வெளிச்சத்தை எவ்வளவு விரைவாகப் பிடிக்கும் என்ற எண். ஐஎஸ்ஓ 200 பிலிமுக்கு, உச்சி வெயிலில் லென்ஸ் வளையத்தில் எஃப் 16, ஷட்டர் வேகம் 250. மர நிழல் என்றால் எஃப் 5.6. இவ்வளவுதான் கணக்கு. ரேடியோவுக்குக்கூடப் பற்றரி கிடைக்காமல் சைக்கிள் டைனமோவைச் சுற்றிச் செய்தி கேட்ட காலத்திலும், இப்படியான கமராக்கள் தம் பாட்டில் வேலை செய்தன.

முதல் ரோல் கறுப்பு வெள்ளையாக இருக்கட்டும். இதற்கு ஐஎஸ்ஓ 400 பிலிம் பொருத்தம், அதே வெயிலில் வேகத்தை 500 ஆக்கினால் சரி. கறுப்பு வெள்ளையை வீட்டிலேயே கழுவலாம். இதில் இங்கே இரண்டு சிக்கல்கள். மருந்துக்கான நேரக் கணக்கெல்லாம் 20 பாகையில் எழுதப்பட்டது. எங்கள் தாங்கித் தண்ணீர் நடுப்பகலில் 30ஐத் தொடும். அந்தச் சூட்டில் மருந்து ஓடியோடி வேலை செய்து படம் திட்டுத்திட்டாக வரும். வாளித் தண்ணீரில் ஐஸ் கட்டி போட்டு அதற்குள் மருந்துப் போத்தலை நிறுத்தி, வெப்பமானி 20க்கு இறங்கும்வரை பொறுக்கவேண்டும். மற்றது கிணற்றுத் தண்ணீர். எங்கள் நிலத்துக்குக் கீழே சுண்ணாம்புக்கல். கேத்திலின் அடியில் படிகிற அந்த வெள்ளை, காய்ந்த நெகட்டிவிலும் பொட்டுப் பொட்டாக நிற்கும். கடைசி அலசலை மட்டும் பற்றரிக்கு ஊற்றும் வடித்த தண்ணீரில் செய்யுங்கள். நான் கார்த்திகை மழையைப் போத்தலில் பிடித்து வைத்துக்கொள்வேன்.

ஒன்றை மட்டும் கட்டாயம் கேளுங்கள். பிக்சர் (fixer) என்பது கழுவிய படத்தை நிலைநிறுத்தும் மருந்து. பாவித்த பிக்சரைக் கிணற்றடியில் ஊற்றவேண்டாம். பிலிமில் இருந்து கரைந்த வெள்ளி அதில்தான் இருக்கிறது. குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை, குடிப்பது நிலத்தடி நீர். சுன்னாகம் பக்கத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்தபோது பட்டது போதும். ஒரு பிளாஸ்டிக் வாளியில் பிக்சரைச் சேர்த்து, அதற்குள் பாத்திரம் தேய்க்கும் இரும்புக் கம்பளியைப் போட்டு வைத்தால் வெள்ளி கறுப்புச் சேறாக அடியில் இறங்கும். நான் அந்த வாளியை மூடிப் பின்கொட்டிலில் வைத்திருக்கிறேன்.

அப்பாவின் ரோலில் கை வைப்பதற்கு முன் நீங்கள் எடுத்த ரோல் ஒன்றிரண்டைக் கழுவிப் பழகிவிடுவோம். அதுவரைக்கும் அவருடைய ரோலைக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். மார்கழியில் ஒரு விடியப்புறம் பார்த்துக் கழுவலாம், அப்போது தண்ணீரும் ஓரளவு குளிர்ந்திருக்கும், மழைத் தண்ணீரும் கையில் இருக்கும். அன்றைக்கு அம்மாவையும் கூட்டிவாருங்கள். இத்தனை வருடத்துக்கு முந்தைய ஆட்களை, அதுவும் மூட்டத்துக்குள் தெரியும் முகங்களை, இன்னார் என்று சொல்ல அவரால்தான் முடியும்.

அன்புடன்,
அண்ணா