மாடியில் சோலார்: இப்போதே போடலாமா, பொறுக்கலாமா?

வேலூர் சத்துவாச்சாரியிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் எழுதியிருக்கிறார். "வீட்டில் நானும் கணவரும் மட்டும்தான். இரண்டு மாதத்துக்கு 640 யூனிட் பக்கம் ஓடுகிறது, பில் 3,200 ரூபாய்க்கு மேல். கோடையில் இரண்டு பில் மட்டும் 900 யூனிட்டைத் தாண்டி ஆறாயிரம் ரூபாய் வந்துவிடும். மாடியில் 3 கிலோவாட் சோலார் போட ஒரு கான்ட்ராக்டர் 1,95,000 ரூபாய் கேட்கிறார், 2 கிலோவாட் என்றால் 1,40,000. இதில் மானியம் கழியும் என்கிறார். பெங்களூரில் இருக்கும் மகனோ, அரசாங்கக் கொள்கை அடிக்கடி மாறுகிறது, பொறும்மா என்கிறான். நாம் நாலு பலகை வைப்பதால் பூமிச் சூடு குறையப்போகிறதா என்றும் கேட்கிறான். என்ன செய்யட்டும்?"

டீச்சர், போடுங்கள். பொறுக்க வேண்டாம். ஆனால் 3 கிலோவாட் வேண்டாம், 2 போதும். ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் கணக்குப் பார்க்க வேண்டியிருக்கும்.

நம் ஊரில் 1 கிலோவாட் பலகை சராசரியாக நாளைக்கு 4 யூனிட் தரும். 2 கிலோவாட் என்றால் இரண்டு மாதத்துக்கு 480 யூனிட். உங்கள் 640-இல் அதைக் கழித்தால் மிச்சம் 160. தமிழ்நாட்டில் முதல் 100 யூனிட் இலவசம், மீதி 60 யூனிட்டுக்கு 150 ரூபாய்கூட வராது. அதாவது 3,200 ரூபாய் பில் நூற்றைம்பதுக்கு இறங்கிவிடுகிறது. கோடையில் 920 யூனிட் ஓடினாலும் மிச்சம் 440தான், பில் 1,400 ரூபாய் அளவில் நிற்கும். இதற்குக் காரணம் நம் கட்டணத்தின் படிக்கட்டு அமைப்பு. 500 யூனிட்டைத் தாண்டியதும் யூனிட் விலை எட்டரை, ஒன்பதரை, பத்தரை என்று ஏறுவதோடு, கீழ்ப்படியில் கிடைத்த சலுகையிலும் ஒரு பங்கு போய்விடும். 2 கிலோவாட் உங்களை அந்த 500-க்குக் கீழே இறக்கிவிடுகிறது. லாபத்தில் பெரும்பகுதி அந்த இறக்கத்தில்தான் இருக்கிறது.

மூன்றாவது கிலோவாட்டுக்கு அந்த வேலையே இல்லை. நான் போட்ட கணக்கில் முதல் 2 கிலோவாட் வருஷத்துக்கு 21,000 ரூபாய்க்குக் குறையாமல் மிச்சப்படுத்துகிறது. மூன்றாவது கிலோவாட் சுமார் 3,000 ரூபாய். மானியத்தையும் பாருங்கள்: மத்திய அரசின் பி.எம். சூர்ய கர் திட்டத்தில் முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000, மூன்றாவதுக்கு 18,000, அதற்கு மேல் ஒன்றும் கிடையாது. 2 கிலோவாட்டுக்கு உங்கள் கைப்பணம் 80,000, நாலு வருஷத்துக்குள் திரும்பிவிடும். மூன்றாவதுக்குக் கூடுதலாகப் போகும் 37,000 திரும்ப 12 வருஷம் ஆகும். மகன் குடும்பத்தோடு இங்கேயே வந்துவிடுவார், இன்னொரு ஏ.சி. வரும் என்றால் கதை வேறு, அப்போது 3 கிலோவாட்டே சரி.

சரி, இப்போது கொள்கை. உங்கள் மகன் சொல்வது பொய்யில்லை, நிஜமாகவே மாறியிருக்கிறது. நெட் மீட்டர் என்றால் நாம் மின்வாரியத்துக்குக் கொடுக்கும் யூனிட்டை, வாங்கும் யூனிட்டில் கழித்துக்கொள்ளும் ஏற்பாடு. 2019-இல் தமிழ்நாடு அதை எடுத்துவிட்டு, நாம் வாரியத்துக்குக் கொடுக்கும் யூனிட்டுக்குத் தனியாக ஒரு குறைந்த விலை என்று கொண்டுவந்தது. வீட்டுக்காரர்கள் சோலார் பக்கமே வர யோசித்தார்கள். 2021-இல் வீடுகளுக்கு மறுபடி நெட் மீட்டர் வந்தது. நான் மேலே போட்ட கணக்கு முழுவதும் அந்த நெட் மீட்டரின் தயவில் நிற்கிறது, மதியம் நீங்கள் கொடுக்கும் யூனிட்டையும் ராத்திரி எடுக்கும் யூனிட்டையும் ஒரே விலையாக வைத்து அது கழித்துக்கொள்கிறது. இது எப்போதும் இப்படியே இருக்கும் என்று நான் உறுதி தரமாட்டேன். ஆனால் மாறும் என்பது பொறுப்பதற்குக் காரணம் இல்லை, சீக்கிரம் சேர்வதற்குத்தான் காரணம். மத்திய மானியத் திட்டமே 2026-27 நிதியாண்டு வரைக்கும்தான். அப்புறம், பெரிதாகப் போட்டுவிட்டு விதி மாறினால்தான் அடி பலமாக விழும். பகல் உபயோகத்தை ஒட்டி அளவாகப் போட்டவருக்கு அவ்வளவு பாதிப்பு இருக்காது. 2 கிலோவாட் என்று நான் பிடிவாதம் பிடிப்பதற்கு இது இரண்டாவது காரணம்.

மதிய யூனிட்டும் ராத்திரி யூனிட்டும் ஒன்றா? இந்தக் கேள்வியில்தான் நாட்டின் மின் கொள்கை இன்று மாட்டிக்கொண்டிருக்கிறது. இதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

2012 ஞாபகம் இருக்கிறதா டீச்சர்? பத்துப் பன்னிரண்டு மணி நேரம் கரண்ட் இல்லாமல், பொதுத்தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் மெழுகுவத்தி வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்த வருஷம். எங்கள் தெருவில் ராத்திரி எல்லாரும் பாயை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய்விடுவோம். தோல் தொழிற்சாலைகள் டீசல் ஜெனரேட்டரில் ஓடின. அன்றைக்கு வடக்கே மின்சாரம் மிஞ்சினாலும் இங்கே தாராளமாகக் கொண்டுவர முடியாது, ஏனென்றால் தென்னிந்திய மின்தொகுப்பு, அதாவது கிரிட், மற்ற பகுதிகளோடு முழுமையாக ஒத்திசைந்து இணைக்கப்படவில்லை. 2013 டிசம்பர் 31-ஆம் தேதி ராய்ச்சூர், சோலாப்பூர் 765 கிலோவோல்ட் லைன் வந்துதான் அந்த இணைப்பு நடந்தது. அதற்குப் பிறகு கர்னூலிலிருந்து ஒரு 765 கிலோவோல்ட் லைன் நம் திருவலத்துக்கு வந்தது. காட்பாடியிலிருந்து ராணிப்பேட்டை போகும்போது அந்தப் பக்கம் பெரிய பெரிய கோபுரங்கள் நிற்குமே, அது சும்மா நிற்கவில்லை. மின்வெட்டு போனதற்குப் பல காரணம் உண்டு, ஆனால் லைன் இழுப்பதற்குப் பணம் ஒதுக்கிய அந்த முடிவை நான் முதலில் வைப்பேன். அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பது எனக்கு வருத்தம்தான்.

ஒரு கொள்கை மண்ணையே மாற்றும் என்பதற்கும் நம் மாவட்டம் சாட்சி. அணைக்கட்டுப் பக்கம் என் தாத்தா மாடு கட்டிக் கவலை ஓட்டி இறைத்த கிணறு, 40 அடி. பிறகு 5 குதிரைத்திறன் மோட்டார் வந்தது, 1990 வாக்கில் எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் வந்தது. அது இல்லாவிட்டால் எங்கள் குடும்பம் அந்த நிலத்தை வைத்திருக்கவே முடியாது, அதை நன்றியோடுதான் சொல்கிறேன். ஆனால் இறைக்கச் செலவில்லை என்றானதும் கிணறு வறண்டு போர்வெல் இறங்கியது, போர்வெல் பல நூறு அடிக்குப் போனது, பாலாற்றிலும் தண்ணீர் இல்லை. அந்தக் கிணற்றின் படியில் இப்போது ஊணாங்கொடி படர்ந்து கிடக்கிறது. ஒரே முடிவு சோறும் போட்டது, நீரையும் இறக்கியது.

இப்போதைய நிலைமைக்கு வருகிறேன். 2025 ஜூனிலேயே நாட்டின் மின் நிறுவுதிறனில், அதாவது எல்லா நிலையங்களும் முழுதாக ஓடினால் தரக்கூடிய அளவில், பாதி நிலக்கரி, எரிவாயு சாராதது என்றாகிவிட்டது. 2030-க்கு வைத்த இலக்கு, ஐந்து வருஷம் முன்னதாகவே. ஆனால் உண்மையில் ஓடும் மின்சாரத்தில் சுமார் 70 சதவீதம் இன்னும் நிலக்கரிதான். இரண்டும் எப்படி ஒத்துப்போகும் என்றால், சோலார் பகலில் மட்டும்தான் வேலை செய்யும். வேலூர் வெயிலில் கல் சுவர் பகலெல்லாம் சூட்டைக் குடித்துவிட்டு ராத்திரி கக்கும், எல்லா வீட்டிலும் ஏ.சி. ஓடுவது ராத்திரி ஒன்பது மணிக்குத்தான். அந்த நேரத்து மின்சாரம் பெரும்பாலும் நிலக்கரியில் வருகிறது. ஒடிசாவின் தால்சேரில் வெட்டி, பாரதீப் துறைமுகத்தில் கப்பல் ஏற்றி, எண்ணூரில் இறக்கி எரிப்பது. போதாததற்கு மின்சந்தையில் வாங்க வேண்டும், அங்கே மாலையில் யூனிட் உச்சவரம்பான 10 ரூபாயைத் தொடும் நாட்கள் உண்டு. அதே சந்தையில் மதியம் விலை அதில் ஒரு சிறு பங்குதான்.

இந்த இடத்தில்தான் எதில் பணம் போடுவது என்ற முடிவு நம் பில்லையும் பருவநிலையையும் சேர்த்துத் தீர்மானிக்கிறது. 2031-32-க்குள் இன்னும் 80 கிகாவாட்டுக்கு மேல் நிலக்கரி நிலையங்கள் கட்ட மத்திய அரசு திட்டம் வைத்திருக்கிறது. ஒரு நிலையம் கட்டினால் 25, 30 வருஷம் அதன் கடனும் நிலைக்கட்டணமும் பில்லில் ஏறிக்கொண்டே இருக்கும், ஓடினாலும் ஓடாவிட்டாலும். அந்தப் பணத்தில் பெரிய பங்கு பேட்டரிக்கும், மதிய மின்சாரத்தில் தண்ணீரை மேலே ஏற்றி மாலையில் இறக்கி எடுக்கும் காடம்பாறை மாதிரியான நீரேற்று நிலையங்களுக்கும் போக வேண்டும் என்பது என் அபிப்பிராயம். ராணிப்பேட்டை பெல் ஆலையில் அனல் நிலையங்களுக்கான சாம்பல் பிடிக்கும் கருவி செய்பவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் வீட்டு அடுப்பும் எரிய வேண்டும் என்பதை மறந்துவிட்டு இதைச் சொல்லவில்லை. மாற்றம் என்றால் அவர்களுக்கு அடுத்த வேலை என்ன என்பதையும் சேர்த்துத்தான் திட்டம் போட வேண்டும். நிலக்கரி மீது 2010-இல் டன்னுக்கு 50 ரூபாய் என்று தொடங்கிய வரி 2016-இல் 400 ஆனது. தூய எரிசக்திக்கென்று வசூலித்தது, 2017-க்குப் பிறகு ஜி.எஸ்.டி. இழப்பீட்டுக்குத் திருப்பப்பட்டது. 2025 செப்டம்பரில் அந்த வரியே எடுக்கப்பட்டு நிலக்கரிக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம் என்றானது. வசூலித்த காரியத்துக்கே அந்தப் பணம் போயிருந்தால் இன்று மாலை நேரத்துக்குக் கொஞ்சமாவது சேமிப்பு இருந்திருக்கும்.

உங்கள் வீட்டுக்கு இதில் என்ன வருகிறது? நேரம். 2023-இல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, வெயில் இருக்கும் எட்டு மணி நேரத்துக்கு மின்கட்டணம் 10 முதல் 20 சதவீதம் குறைவாகவும், உச்ச நேரத்தில் அதே அளவு கூடுதலாகவும் இருக்க வேண்டும். வீட்டு இணைப்புகளுக்கு ஸ்மார்ட் மீட்டர் வந்த பிறகு இது பொருந்தும். அதனால் மோட்டார், வாஷிங் மெஷின், கிரைண்டர் எல்லாவற்றையும் காலை பத்து மணியிலிருந்து மூன்று மணிக்குள் ஓட்டும் பழக்கத்தை இப்போதே வையுங்கள். விதி எப்படி மாறினாலும் உங்கள் பலகையின் யூனிட்டை நீங்களே செலவழித்திருப்பீர்கள்.

பூமிச் சூடு கேள்வியை மகன் கேட்டது நியாயம். 2 கிலோவாட் வருஷத்துக்கு 2,900 யூனிட் தரும். நம் மின்தொகுப்பில் யூனிட்டுக்குச் சுமார் 700 கிராம் கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது, ஆக வருஷம் 2 டன். நாட்டளவில் அது ஒன்றுமில்லை. ஆனால் எல்.இ.டி. பல்பை நினைத்துப் பாருங்கள். 2014-இல் அரசுக் கொள்முதலில் 310 ரூபாயாக இருந்த பல்பு, 2015-இல் உஜாலா திட்டம் வந்து மொத்தமாக வாங்கத் தொடங்கியதும் 38 ரூபாய் வரை இறங்கியது. 36 கோடி பல்பு போனது. வாங்கிய ஒவ்வொருவரும் தன் பில்லுக்காகத்தான் வாங்கினார்கள், விலையை இறக்கியது எல்லாரும் சேர்ந்து வாங்கியதுதான். மாடி சோலாரும் 1 கோடி வீடு என்ற கணக்கில்தான் போகிறது.

கையெழுத்துப் போடும் முன் சில விஷயம். மானியம் வேண்டுமென்றால் பலகையும் அதன் உள்ளே இருக்கும் சோலார் செல்களும் இந்தியாவில் செய்தவையாக இருக்க வேண்டும், விலை கொஞ்சம் கூடத்தான் இருக்கும், பில்லில் அதை எழுதி வாங்குங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சோலார் சாதனத்துக்கு ஜி.எஸ்.டி. 12-இலிருந்து 5 சதவீதமாகிவிட்டது, கான்ட்ராக்டர் சொன்ன விலை எந்தக் கணக்கில் என்று கேளுங்கள். வாரியத்தின் கம்பிகளைப் பயன்படுத்துவதற்கு சோலார் வீடுகளிடம் வாங்கும் நெட்வொர்க் கட்டணம் உங்கள் இணைப்புக்கு உண்டா என்பதை மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள், நான் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

முக்கியமான ஒன்று, பலருக்கும் இது தெரியாமல் பிறகு சண்டை வருகிறது: கரண்ட் போனால் இந்த சோலாரும் நின்றுவிடும், நல்ல வெயில் அடித்தாலும். லைன் ஆஃப் என்று நம்பிக் கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேனுக்கு உங்கள் மாடியிலிருந்து ஷாக் போகக் கூடாது என்பதற்காக சோலாரோடு வரும் இன்வெர்ட்டரே தன்னை நிறுத்திக்கொள்ளும். இப்போது வீட்டிலிருக்கும் பேட்டரி இன்வெர்ட்டரை விற்றுவிடாதீர்கள்.

கத்திரி வெயிலில் நிறைய வரும் என்றும் எதிர்பார்க்காதீர்கள். பலகைக்கு வெளிச்சம்தான் தேவை, சூடு எதிரி. 65 டிகிரிக்குச் சுட்டுவிட்டால் 14 சதவீதம் போல உற்பத்தி குறையும். தரையோடு ஒட்டாமல், அடியில் காற்று ஓடும்படி உயர்த்தி வைக்கச் சொல்லுங்கள், பதினைந்து நாளைக்கு ஒரு தடவை விடியற்காலையில் வெறும் தண்ணீரில் தூசியைக் கழுவினால் போதும்.

கடைசியாக, கான்ட்ராக்டர் வரும் முன் ஒரு வேலை செய்துவிடுங்கள். ஒரு சாக்பீஸ் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய், காலை ஒன்பது, மதியம் பன்னிரண்டு, மூன்று மணி, மூன்று தடவையும் தண்ணீர்த் தொட்டியின் நிழலும் பக்கத்து வீட்டுச் சுவரின் நிழலும் விழும் இடத்தைச் சுற்றிக் கோடு போடுங்கள். ஒரு பலகையின் மூலையில் நிழல் விழுந்தாலும் அந்த வரிசை முழுவதும் இறங்கிவிடும். கோட்டுக்கு வெளியே 200 சதுர அடி தெற்குப் பக்கம் கிடைத்தால் உங்கள் 2 கிலோவாட்டுக்கு இடம் இருக்கிறது. கிடைக்காவிட்டால் தொட்டியை நகர்த்த முடியுமா என்று பாருங்கள், அதன் படத்தை எடுத்து அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.