வாடிக்கையாளர் டொமைனை அனுமதிப் பட்டியலில் சேர்க்கலாமா?

கேள்வி: அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வாகன உதிரிபாக நிறுவனம் ஒன்றின் கணினிப் பிரிவைக் கவனித்து வருகிறேன். எங்கள் ஸ்பேம் கேட்வே (வரும் மெயில்களை வடிகட்டும் அமைப்பு), வாடிக்கையாளர்களின் பர்ச்சேஸ் ஆர்டர்களைக் குவாரன்டைனில் (சந்தேக மெயில்களைத் தனியே வைக்கும் இடத்தில்) நிறுத்திவிடுகிறது. ‘வங்கிக் கணக்கு மாறிவிட்டது’ என்ற போலி மெயிலோ கணக்குப் பிரிவுக்கு நேரே போய்விடுகிறது. வாடிக்கையாளர் டொமைன்களை அனுமதிப் பட்டியலில் சேர்த்துவிடலாமா?

பதில்: டொமைன் பெயரை மட்டும் வைத்துச் சேர்க்க வேண்டாம். அனுப்புநர் என்று திரையில் தெரிவது யார் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளக்கூடிய ஒரு வரி என்பதால், நீங்கள் தரும் விலக்கு அதே பெயரில் வரும் போலி மெயிலுக்கும் கிடைத்துவிடும். உங்கள் சொந்த டொமைனே அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். முதலாளி பெயரில் மோசடி மெயில் நுழைய அது ஒன்றே போதும்.

நிறுத்தப்பட்ட ஆர்டர் ஒன்றின் ஹெடரை (மெயில் வந்த வழியையும் சோதனை முடிவுகளையும் சொல்லும் மறைவான தலைப்பு வரிகளை) திறந்து, எஸ்பிஎஃப் (அந்த டொமைன் பெயரில் அனுப்ப அனுமதி பெற்ற சர்வரா), டிகேஐஎம் (டொமைனின் டிஜிட்டல் கையொப்பம் சரியா), டிமார்க் (இவற்றில் ஒன்றாவது தேறி, திரையில் தெரியும் அனுப்புநர் டொமைனோடு பொருந்துகிறதா) முடிவுகளைப் பாருங்கள். டிமார்க் தேறியிருந்தால், ‘இந்த டொமைன், டிமார்க் தேர்ச்சி’ என்ற இரண்டும் சேர்ந்த நிபந்தனையில், கேட்வே ஒவ்வொரு மெயிலுக்கும் இடும் ஸ்பேம் மதிப்பெண்ணிலிருந்து மட்டும் விலக்கு அளியுங்கள். வைரஸ், அட்டாச்மென்ட் சோதனைகள் அப்படியே இருக்கட்டும். எஸ்பிஎஃப் மட்டும் தவறியிருந்தால், மெயில் ஃபார்வர்ட் ஆகி வந்திருக்கலாம், அல்லது அவர்களுடைய எஸ்பிஎஃப் பதிவு 10 டிஎன்எஸ் தேடல் (டொமைன் விவரங்களை இணையத்தில் தேடுதல்) என்ற வரம்பைத் தாண்டியிருக்கலாம். பின்னது அவர்கள் சரிசெய்ய வேண்டிய கோளாறு. அதற்காக நம் பூட்டைத் தளர்த்துவது முறையல்ல.

போலி மெயிலில் இரண்டு வகை உண்டு. வாடிக்கையாளர் டொமைனையே போட்டு வருவதை, அவர்கள் டிமார்க்கில் ‘ரிஜெக்ட்’ என்று அறிவித்திருந்தால், அதை மதிக்கும்படி கேட்வேயை அமைத்தாலே தடுத்துவிடலாம். ஆங்கில ‘எம்’ எழுத்துக்குப் பதிலாக ‘ஆர்’, ‘என்’ இரண்டையும் ஒட்டி எழுதிய டொமைனோ, மோசடிக்காரர் தாமே பதிவுசெய்தது என்பதால், தன் சோதனைகளில் முறையாகவே தேறிவிடும். அதற்கு, கணக்குப் பிரிவுக்கென்று தனிப் பாலிசி அமைத்து, ஒத்த தோற்றமுள்ள டொமைன்களைக் குவாரன்டைனுக்கு அனுப்புங்கள். வாடிக்கையாளரின் மெயில்பாக்ஸே திருடப்பட்டிருந்தால் எந்த ஃபில்டரும் உதவாது. வங்கிக் கணக்கு மாற்றத்தை, ஏற்கெனவே கையிலுள்ள எண்ணில் அழைத்து உறுதிசெய்வதே வழி.

பல கேட்வேக்களில் மேலிருந்து முதலில் பொருந்தும் விதியே செல்லும். ஆகவே குறுகிய விதிகளை மேலேயும் பொதுவானவற்றைக் கீழேயும் வையுங்கள். ஸ்பேம் மதிப்பெண் மிக அதிகமான மெயிலை ஓசையின்றி அழிக்காமல் எஸ்எம்டிபி நிலையிலேயே (சர்வர்கள் மெயிலைக் கைமாற்றும்போதே) 550 என்ற மறுப்புக் குறியீட்டோடு மறுத்துவிட்டால், தவறிப்போய் மாட்டிய வாடிக்கையாளருக்குத் தகவலாவது போய்ச் சேரும். புதிய விதிகளை, இன்வாய்ஸ் குவியும் மாதக் கடைசியும் உட்படும்படி, பதிவு மட்டும் செய்யும் நிலையில் சில நாட்கள் ஓடவிட்டு, லாகைப் பார்த்த பிறகே அமலாக்குங்கள்.