பட்டாளத்து அண்ணன், பாதிரியார் தம்பி: பிரிட்டிஷ் வம்சாவளி கேள்வி-பதில்

பிரிட்டிஷ் குடும்பங்களின் வம்சாவளியைத் தேடும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில், படைக்கும் தேவாலயத்துக்கும் ஆள் அனுப்பிய குடும்பங்களைப் பற்றியவற்றை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: எந்தப் பிரிட்டிஷ் குடும்பத்தை எடுத்தாலும் அண்ணன் ஜெனரல், தம்பி பிஷப், இன்னொரு தம்பி அட்மிரல் என்றே வருகிறது. தற்செயலா, இல்லை காரணம் இருக்கிறதா? – வரலாற்று மாணவி, திருச்சி

காரணம் சொத்துதான். நிலமும் பட்டமும் உள்ள இங்கிலாந்துக் குடும்பங்களில் பாகப்பிரிவினை கிடையாது. மூத்த மகனுக்கே எல்லாம். இளையவர்களுக்குக் கௌரவம் குறையாத ஒரு பிழைப்பு வேண்டும். வியாபாரம் கொஞ்சம் கீழ் என்று நினைத்த காலம் அது. எனவே படை, கடற்படை, தேவாலயம், வழக்கறிஞர் தொழில் என்று அனுப்பினார்கள்.

நம் பாடப் புத்தகத்தில் வரும் காரன்வாலிஸ் பிரபுவின் குடும்பத்தையே பாருங்கள். 1781-ல் அமெரிக்க விடுதலைப் போரில் யார்க்டவுனில் சரணடைந்து, 1792-ல் திப்புவைத் தோற்கடித்து, அவருடைய இரண்டு மகன்களைப் பிணையாக வாங்கிய அதே சார்லஸ் காரன்வாலிஸ்தான். மூத்த வாரிசாக இருந்தும் அவர் படைக்குப் போனார். ஒரு தம்பி வில்லியம் அட்மிரல் ஆனார். இன்னொரு தம்பி ஜேம்ஸ் 1775-ல் கேன்டர்பரி பேராலயத்தின் டீன் (தலைமைக் குரு), 1781-ல் லிச்ஃபீல்ட் பிஷப். ஜேம்ஸ் டீன் ஆனபோது கேன்டர்பரி பேராயராக இருந்தவர் யார் தெரியுமா? சொந்தச் சித்தப்பா ஃப்ரெடரிக் காரன்வாலிஸ். அந்த ஃப்ரெடரிக்கோடு இரட்டையாகப் பிறந்த எட்வர்ட் ஒரு ஜெனரல். 1749-ல் கனடாவின் ஹாலிஃபாக்ஸ் நகரத்தை நிறுவியவர். ஒரே பிரசவத்தில் பிறந்த இருவரில் ஒருவருக்கு வாள், ஒருவருக்கு அங்கி.

இந்தக் குடும்பத்தில் இன்னொரு சுவையான திருப்பம் உண்டு. சார்லஸின் ஒரே மகன் 1823-ல் ஆண் வாரிசு இல்லாமல் இறந்தார். சார்லஸுக்கென்றே தரப்பட்ட மார்க்விஸ் என்ற பிரபுப் பட்டம் அத்தோடு முடிந்தது. ஆனால் அதற்கு ஒரு படி கீழான எர்ல் பட்டம் 1753-ல் அவருடைய அப்பாவுக்குத் தரப்பட்டது. அதனால் அது பக்கவாட்டில் நகர்ந்து, 80 வயது பிஷப் ஜேம்ஸிடம் வந்து சேர்ந்தது. சில மாதங்களில், 1824 ஜனவரியில், அவரும் போய்ச் சேர்ந்தார். அவர் மகனோடு 1852-ல் எர்ல் பட்டமும் முடிந்தது. பட்டம் எந்த வழியில் இறங்கியது என்று கவனித்தால் குடும்ப மரம் தானாகவே விரியும்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். இந்தக் குடும்பத்தில் தாத்தா சார்லஸ், அப்பா சார்லஸ், கவர்னர் ஜெனரல் சார்லஸ், மகன் சார்லஸ். பெயரை மட்டும் நம்பி இணைத்தால் ஒரு தலைமுறையே காணாமல் போகும். என்னைக் கேட்டால், பெயரைவிட 'இவருக்கு அந்த வேலையை வாங்கித் தந்தது யார், பணம் கட்டியது யார்' என்ற கேள்விதான் உறவைக் காட்டிக்கொடுக்கும்.

கேள்வி: எங்கள் பக்கத்து வீட்டு ஆங்கிலோ-இந்தியப் பெரியவரின் மூதாதை 1820-களில் 'கேப்டன்' என்று குடும்ப பைபிளில் எழுதியிருக்கிறது. எங்கே தேடுவது? – சென்னை

முதலில் எந்தப் படை என்று முடிவு செய்யுங்கள். அரசரின் படையா, கிழக்கிந்தியக் கம்பெனியின் படையா? இரண்டும் வேறு வேறு, ஆவணங்களும் வேறு இடங்களில்.

அரசரின் படை என்றால், 1754 முதல் ஆண்டுதோறும் அச்சான ஆர்மி லிஸ்ட் இருக்கிறது. 1839-லிருந்து ஹார்ட் என்பவர் வெளியிட்ட பட்டியலில் எந்தெந்தப் போரில் பங்கெடுத்தார் என்ற குறிப்பும் கிடைக்கும். நியமனம், பதவி உயர்வு எல்லாம் அரசிதழான லண்டன் கெஜட்டில் வரும். அதை இணையத்தில் இலவசமாகவே தேடலாம்.

அப்புறம் பணம். அன்று காலாட்படையிலும் குதிரைப்படையிலும் அதிகாரிப் பதவியை விலை கொடுத்து வாங்கினார்கள். 1821-ல் வகுத்த அரசு விலைப்படி சாதாரணக் காலாட்படையில் தொடக்கப் பதவியான என்சைன் 450 பவுன், கேப்டன் 1,800, லெப்டினன்ட் கர்னல் 4,500. கையில் கொடுத்தது இதைவிட அதிகமாகவே இருக்கும். 1871-ல்தான் இதை ஒழித்தார்கள். லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் டபிள்யூஓ 31 என்ற வரிசை இருக்கிறது. 1793 முதல் 1870 வரை தலைமைத் தளபதிக்கு வந்த பதவி விண்ணப்பங்கள் அதில் உள்ளன. 'என் தங்கை மகன், நல்ல பையன், பணம் தயார்' என்ற தொனியில் ஒரு மாமா எழுதிய கடிதம் அகப்பட்டால், தாய்வழி முழுவதும் திறந்துவிடும். பீரங்கிப் படையிலும் பொறியாளர் படையிலும் விலை கிடையாது. அவர்கள் வுல்லிச் பயிற்சிக் கழகத்தில் படித்து வந்தவர்கள். எனவே நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைகளை அங்கே தேடுங்கள்.

கம்பெனிப் படை என்றால் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்கள்தான் வழி. பயிற்சி அதிகாரியாகச் சேர்ந்த ஒவ்வொரு பையனின் விண்ணப்பத்தோடும் வயதுக்குச் சான்றாக ஞானஸ்நானச் சான்றிதழ் இருக்கும், யார் சிபாரிசு என்ற விவரமும் இருக்கும். உங்கள் கேப்டனுக்கு நான் முதலில் பார்க்கச் சொல்வது இதைத்தான்.

ரெஜிமென்ட் பெயர் மாறியிருந்தால் திகைக்க வேண்டாம். கம்பெனியின் மெட்ராஸ் ஐரோப்பிய ரெஜிமென்ட், பின்னால் அரசரின் படையில் 102-வது ராயல் மெட்ராஸ் ஃப்யூசிலியர்ஸ் ஆகி, 1881 சீர்திருத்தத்தில் ராயல் டப்ளின் ஃப்யூசிலியர்ஸ் ஆனது. 'டப்ளின்' என்று பார்த்துவிட்டு அயர்லாந்துக்காரர் என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

கேள்வி: ரெக்டர், விகார், கியூரேட் – மூவரும் பாதிரியார்தானே? இந்த வித்தியாசத்தால் வம்சாவளிக்கு என்ன லாபம்? – மதுரை

பெரிய லாபம் இருக்கிறது. விளைச்சலில் பத்தில் ஒரு பங்கான தசமபாகத்தில் தானியம், வைக்கோல் உட்பட எல்லாம் பெற்றவர் ரெக்டர். காய்கறி, பழம், ஆட்டுக்குட்டி போன்ற சில்லறைத் தசமபாகம் மட்டும் விகாருக்கு. கியூரேட் என்பவர் இவர்களில் ஒருவரிடம் சம்பளத்துக்கு இருந்த உதவிக் குரு. ஆக, பதவிப் பெயரே அந்த வீட்டின் வருமானத்தைச் சொல்லிவிடும். 1836-ல் ஒரு சட்டம் தசமபாகத்தைப் பணமாக மாற்றியது.

அதைவிட முக்கியம், குருவை நியமிக்கும் உரிமை யாரிடம் இருந்தது என்பது. அந்த உரிமை ஒரு சொத்து. விற்கலாம், வாங்கலாம், உயிலில் எழுதலாம். பெரும்பாலும் நிலப்பிரபு கையிலோ ஏதாவது கல்லூரி கையிலோ இருக்கும். கிரீனிச் வானாய்வகத்தில் அரச வானியலாளராக இருந்த நெவில் மாஸ்கெலின் ஒரு பாதிரியாரும்கூட. 1775-ல் அவருக்கு ஷ்ராப்ஷயரில் ஷ்ராவர்டைன் என்ற ஊரின் ரெக்டர் பதவி கிடைத்தது. கொடுத்தவர் இரண்டாம் கிளைவ் பிரபு எட்வர்ட், பிற்காலத்தில் சென்னையின் கவர்னராக வந்தவர். வானியலாளருக்கும் அவருக்கும் என்ன தொடர்பு? தாய்மாமன், தங்கை மகன். நியமித்தவர் பெயர் என்ற ஒற்றை வரியே உறவைப் பிடித்துக் கொடுக்கிறது.

1540 முதல் 1835 வரையிலான நியமனங்களுக்கு இங்கிலாந்துத் திருச்சபைக் குருமார் தரவுத்தளம் இணையத்தில் இலவசம். 1858 முதல் கிராக்ஃபோர்டின் குருமார் கையேடு இருக்கிறது. இடைப்பட்ட காலத்துக்கு ஆக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிட்ஜ் மாணவர் பட்டியல்கள் கைகொடுக்கும். அப்பா பெயரும் ஊரும் அதிலேயே இருக்கும்.

முடிந்தால் குருப்பட்டக் காகிதங்களைக் கேட்டு வாங்குங்கள். பழைய மறைமாவட்ட ஆவணங்கள் பெரும்பாலும் அந்தந்தக் கவுண்டிக் காப்பகத்தில் இருக்கும். ஒருவருக்கு ஒரு சின்னக் கட்டு. பிரித்தால் முதலில் ஞானஸ்நானச் சான்று. அடுத்து, நல்லொழுக்கத்துக்கு அவருடைய கல்லூரி தந்த கையெழுத்துச் சான்று. பிறகு, 'இவருக்குப் பட்டம் தருவதில் யாருக்காவது ஆட்சேபம் உண்டா' என்று தேவாலயத்தில் வாசித்த அறிவிப்பு. கடைசியில், உதவிக் குருவாக எடுத்துக்கொள்வதாக ஒரு மூத்த குரு எழுதிய ஒப்புதல், ஆண்டுச் சம்பளத் தொகையோடு. முதல் படியான டீக்கனாக 23 வயதும், முழுக் குருவாக 24 வயதும் நிறைந்திருக்க வேண்டும் என்பது விதி. பட்டம் பெற்ற தேதியை வைத்தே பிறந்த ஆண்டை ஓரளவு கணித்துவிடலாம்.

கேள்வி: 1721 ஏப்ரலில் கல்யாணம், 1721 பிப்ரவரியில் குழந்தைக்கு ஞானஸ்நானம். கல்யாணத்துக்கு முன்பே பிறந்ததா? – யாழ்ப்பாணம்

இல்லை. 1752-க்கு முன் இங்கிலாந்தில் சட்டப்படி புத்தாண்டு மார்ச் 25. பதிவேட்டில் '1721 பிப்ரவரி' என்பது நம் கணக்கில் 1722 பிப்ரவரி. 1721/22 என்று குறித்து வையுங்கள்.

கேள்வி: வீட்டுப் பெண்களைப் பற்றி எதுவுமே கிடைப்பதில்லையே? – வாசகி, லண்டன்

கிடைக்கும், ஆனால் கணவரின் பக்கத்திலிருந்து மட்டும் தேடினால் கிடைக்காது. அண்ணன் தம்பிகளின் பக்கத்திலிருந்து வாருங்கள். படை அதிகாரியின் தங்கை அதே படை அதிகாரிகளின் வட்டத்தில் மணமாவதும், பாதிரியார் மகள் இன்னொரு பாதிரியாருக்கு வாழ்க்கைப்படுவதும் அன்றைய வழக்கம்.

மேலே சொன்ன நெவிலின் தங்கை மார்கரெட் நல்ல உதாரணம். இன்னொரு அண்ணன் எட்மண்ட் சென்னையில் கம்பெனிப் படையில் இருந்தார்; ராபர்ட் கிளைவின் நண்பர். அந்த நட்பு வழியாகவே மார்கரெட் கப்பலேறி வந்து, 1753 பிப்ரவரி 18 அன்று செயின்ட் ஜார்ஜ் கோட்டையின் புனித மரியாள் ஆலயத்தில் கிளைவை மணந்தார். ரெக்டர் பதவி கொடுத்த எட்வர்ட் இவர்களுடைய மகன்தான். மணம் நடத்தி வைத்தவர் ஃபப்ரிசியுஸ். தமிழ் வேதாகமமும் தமிழ் அகராதியும் தந்த அதே ஃபப்ரிசியுஸ் ஐயர்தான்! அந்தப் பதிவை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சிலிர்ப்பு உண்டு.

இந்தியாவில் நடந்த இத்தகைய ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றின் நகல்கள் லண்டனுக்கு அனுப்பப்பட்டன. மெட்ராஸ் மாகாணத்துக்கானவை இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் என்/2 என்ற வரிசை. இங்கிலாந்தில் நடந்த திருமணம் என்றால், 1837 ஜூலைக்குப் பிறகு இரு தரப்பு அப்பாக்களின் பெயரும் தொழிலும் பதிவேட்டில் இருக்கும். சாட்சிக் கையெழுத்துகளை விடாமல் பாருங்கள். பாதிப் பேர் சொந்தக்காரர்களாகவே இருப்பார்கள்.

கேள்வி: உயில் எங்கே கிடைக்கும்? – கோவை

1858 ஜனவரி 12-க்கு முன் இறந்தவர் என்றால் திருச்சபை நீதிமன்ற ஆவணங்களில். வசதியானவர்கள், வெளிநாட்டில் இறந்த அதிகாரிகள் ஆகியோரின் உயில்கள் பெரும்பாலும் கேன்டர்பரி பேராயரின் நீதிமன்றத்தில் பதிவாகியிருக்கும். கியூவில் ப்ராப் 11 என்ற வரிசை. அந்தத் தேதிக்குப் பின் என்றால் அரசின் தேசிய உயில் அட்டவணை. கல்யாணமாகாத பாதிரியார் சித்தப்பாக்களின் உயிலை முதலில் படியுங்கள். பிள்ளை இல்லாதவர்கள் அண்ணன் தம்பி பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி எழுதிவைத்திருப்பார்கள்.

கேள்வி: எங்கள் குடும்பப் பெயருக்குரிய கேடயச் சின்னம் என்று ஒரு இணையக் கடையில் விற்கிறார்கள். வாங்கலாமா? – சிங்கப்பூர்

வேண்டாம். இங்கிலாந்தில் சின்னம் குடும்பப் பெயருக்குத் தரப்படுவதில்லை. ஒரு தனி மனிதருக்குத் தரப்பட்டு, அவருடைய நேரடி ஆண் வாரிசுகளுக்கு இறங்குவது. அதே பெயர் இருப்பதால் மட்டும் உரிமை வராது.

கேள்வி: முதல் உலகப்போரில் படையோடு போன ஒரு பாதிரியாரைத் தேடுகிறேன். 1940 குண்டுவீச்சில் எல்லாம் எரிந்துவிட்டது என்கிறார்களே? – தஞ்சாவூர்

1940 செப்டம்பரில் எரிந்தது பெரும்பாலும் சாதாரணச் சிப்பாய்களின் கோப்புகள். படைக் குருமார் அதிகாரிகளாகக் கணக்கிடப்பட்டவர்கள், அவர்களுக்கு வேறு தடங்கள் உண்டு. நான்காம் வகுப்புக் குரு கேப்டனுக்குச் சமம், முதல் வகுப்பு கர்னலுக்குச் சமம். நியமனம் லண்டன் கெஜட்டில் வரும். பதக்க அட்டைகள் கியூவில் இருக்கின்றன. ஆங்கிலிகன் குரு என்றால் கிராக்ஃபோர்டிலும் படையில் இருந்த ஆண்டுகள் குறிக்கப்பட்டிருக்கும்.

வயதை வைத்து யாரையும் ஒதுக்கிவிடாதீர்கள். தியோடர் பெய்லி ஹார்டி என்ற குரு 1863-ல் பிறந்தவர். 50 வயது தாண்டியபின் 1916-ல் படைக்குப் போய், வீரத்துக்கான உச்ச விருதான விக்டோரியா கிராஸ் பெற்றார். 1918 அக்டோபரில், போர் முடியச் சில வாரங்களே இருந்தபோது, காயத்தால் இறந்தார். உங்கள் ஆளும் போரில் இறந்திருந்தால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தளத்தில் பெயரைப் போட்டுப் பாருங்கள். உயிரோடு திரும்பியிருந்தால், 1919-க்குப் பிந்தைய கிராக்ஃபோர்ட் பதிப்பில் எந்த ஊருக்குப் போனார் என்று பார்த்து, அந்த ஊர்ப் பதிவேட்டிலிருந்து தொடருங்கள்.