சாப்பிட்டாச்சா, அங்கே மழையா? – வாசகர் கேள்வி பதில்

போன இதழில் நட்பைப் பற்றி எழுதச் சொல்லியிருந்தோம். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல், செல்போன் வழியாகப் பழகி எங்கெங்கோ இருக்கும் நண்பர்களைப் பற்றித்தான். அதனால் இந்த முறை அந்தக் கேள்விகளுக்கு மட்டும் பதில்.

கேள்வி (மன்னார்குடி வாசகி): அக்கா, மாடித்தோட்டத்துக்காக ஆரம்பித்த ஒரு வாட்ஸ்அப் குழுவில் எனக்கு டொராண்டோ, சிங்கப்பூர், துபாய் என்று தோழிகள் கிடைத்தார்கள். பல வருஷம் ஆகிவிட்டது, ஒருத்தரையும் நேரில் பார்த்ததில்லை. செடியைப் பற்றிப் பேசுவதெல்லாம் எப்போதோ நின்றுபோய், இப்போது தினமும் சாப்பிட்டாச்சா, என்ன குழம்பு, அங்கே மழையா, இவ்வளவுதான். வெட்டிப் பேச்சு என்கிறார் வீட்டுக்காரர். இதை நட்பு என்று சொல்லலாமா?

பதில்: தாராளமாகச் சொல்லலாம், தங்கச்சி. என்ன குழம்பு என்று கேட்கிறவளுக்கு வேண்டியது, நீங்கள் இன்றைக்கும் எழுந்து, அடுப்பைப் பற்றவைத்து, நல்லபடியாக இருக்கிறீர்கள் என்ற சேதி. அது கிடைத்தால் அவளுக்கு அன்றைய பொழுது நன்றாகப் போகும். உங்கள் ஊர்க் கடைத்தெருவில் எதிரே வருகிறவர் "என்ன, ஆத்துல தண்ணி வந்துட்டுதா?" என்று கேட்பதும் இதே வகைதான், பாலத்தைத் தாண்டித்தான் அவரும் வந்திருப்பார், தண்ணீரையும் பார்த்திருப்பார், ஆனாலும் கேட்பார். மாலினோவ்ஸ்கி என்ற மானிடவியல் அறிஞர் 1923-லேயே இதை எழுதியிருக்கிறார்: நலம் விசாரிப்பது, வானத்தைப் பற்றிப் பேசுவது எல்லாம் சேதி சொல்வதற்காக நடப்பதில்லை, மனிதர்களை ஒருவரோடு ஒருவர் சேர்த்து வைக்க நடக்கிறது என்று. பசிபிக் கடலில் டிரோபிரியாண்ட் தீவுகளில் வருஷக்கணக்கில் தங்கி ஜனங்களோடு பழகியவர் அவர்.

ஆனால் ஒன்று. "சாப்பிட்டாச்சா", "ஆச்சு" என்று அதோடு நின்றால் கொஞ்ச நாளில் சலித்துவிடும். உங்களைச் சுற்றி நடப்பதை ஒரு வரி சேர்த்து எழுதுங்கள். மேட்டூர் அணையில் வழக்கமாகத் தண்ணீர் திறக்கிற தேதி ஜூன் 12. திறந்த தண்ணீர் கல்லணைக்கு வர மூன்று நான்கு நாள், அங்கே காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரிகிறது, வெண்ணாற்றில் வந்தது நீடாமங்கலம் பக்கம் மூணாறு தலைப்பில் மறுபடி மூன்றாகப் பிரிந்து அதில் ஒன்று பாமணியாறாக உங்கள் ஊருக்கு வருகிறது. "கல்லணை திறந்தாச்சு", "மூணாறு தலைப்பு தாண்டியாச்சு", "எங்க வாய்க்காலில் முதல் தண்ணி, நுரையும் சருகுமா வருது" என்று அந்தந்த நாளில் எழுதிப் பாருங்கள், அடுத்த வருஷம் டொராண்டோக்காரி ஜூன் பிறந்ததுமே தானாகக் கேட்பாள். 2022-ல் மே 24-ந் தேதியே திறந்துவிட்டார்கள், 2024-ல் ஜூலை 28 வரை இழுத்துவிட்டது. இந்த இரண்டு தேதிக்கும் நடுவில் குறுவை நெல் போடுகிற வீட்டில் என்னென்ன மாறிப்போகும் என்று அவளுக்குச் சொல்ல உங்களை விட்டால் யார் இருக்கிறார்கள்?

அதே மாதிரி அவர்கள் பக்கத்தையும் கேளுங்கள். சிங்கப்பூரில் டிசம்பரில் கொட்டுகிற மழையும் நம் ஐப்பசி கார்த்திகை மழையும் ஒரே வடகிழக்குப் பருவக்காற்று கொண்டுவருவதுதான், அதனால் "உங்க பக்கம் எப்படி, எங்க பக்கம் விடவே இல்லை" என்று பேச அங்கே பொதுவாக ஒரு மழையே இருக்கிறது. அறுவடை முடிந்து கொள்முதல் நிலையத்து வாசலில் நெல்லைக் கொட்டிவைத்து, ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருக்கிறது என்று எடுக்காமல் வைத்திருக்க, ராத்திரிப் பனிக்குத் தார்ப்பாய் போட்டு மூடி, காலையில் பிரித்து மறுபடி காயவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது, "நெல்லை எடுத்துட்டாங்களா?" என்று துபாயிலிருந்து ஒருத்தி கேட்டால் எவ்வளவு தெம்பாக இருக்கும்! வீட்டுக்காரருக்கு அந்த மெசேஜைக் காட்டுங்கள்.

கேள்வி (கும்பகோணம் வாசகர்): நேரில் பார்க்காத நண்பர் ஒருவர் திடீரென்று அவசரமாகப் பணம் கேட்டு மெசேஜ் அனுப்பியிருக்கிறார். நல்ல மனிதர். அனுப்பலாமா?

பதில்: முதலில் கூப்பிட்டுப் பேசுங்கள், முடிந்தால் வீடியோவில் முகம் பார்த்துப் பேசுங்கள். அடுத்தவர் வாட்ஸ்அப் கணக்கைப் பிடித்துக்கொண்டு அவர் பெயரில் பணம் கேட்பது இப்போது ரொம்பச் சாதாரணமாக நடக்கிறது. பேசவே மாட்டேன், பணத்தை மட்டும் போடு என்றால் அது உங்கள் நண்பர் இல்லை. ஏற்கெனவே அனுப்பிவிட்டீர்கள் என்றால் இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள், எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை வழியிலேயே நிறுத்த வாய்ப்பு உண்டு. கேட்டது நண்பரேதான் என்று உறுதியானால், திரும்பி வராவிட்டாலும் மனசு கசக்காத தொகையை மட்டும் கொடுங்கள்.

கேள்வி (பட்டுக்கோட்டை வாசகர்): கனடாவில் ஒருவர், லண்டனில் ஒருவர், சவுதியில் ஒருவர், சிங்கப்பூரில் ஒருவர், நான் இங்கே. யாருக்கு எப்போது மெசேஜ் போட்டாலும் யாராவது தூக்கத்தில் இருக்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: தம்பி, மணிக் கணக்கை ஒருமுறை மனசில் ஏற்றிக்கொண்டால் போதும். சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால், சவுதி இரண்டரை மணி நேரம் பின்னால். லண்டன் கோடையில் நாலரை, குளிரில் ஐந்தரை மணி நேரம் பின்னால். டொராண்டோ என்றால் கோடையில் ஒன்பதரை, குளிரில் பத்தரை. டொராண்டோவில் மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும் கடிகாரத்தை மாற்றுவார்கள், லண்டனில் மார்ச், அக்டோபர் கடைசி ஞாயிறுகளில், அதனால் அந்த வாரங்களில் கொஞ்சம் குழம்பும். நம் ஊரில் சாயங்காலம் ஆறரை மணி, டீ குடிக்கிற நேரம், ஐந்து பேருக்கும் ஒத்துவருகிற மாதிரி இருக்கிறது: டொராண்டோவில் காலை எட்டு ஒன்பது, லண்டனில் மதியம், சவுதியில் நாலு மணி, சிங்கப்பூரில் ராத்திரி ஒன்பது. சவுதியில் வெள்ளி, சனி விடுமுறை, மற்றவர்களுக்கு சனி, ஞாயிறு, ஆகவே எல்லோரும் நிதானமாகப் பேச வேண்டுமென்றால் சனிக்கிழமைதான்.

மற்ற நாட்களில் நேரம் பார்க்காமல் எழுதிப் போடுங்கள், ஆனால் பதில் உடனே வரவேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். ராத்திரி நீங்கள் போட்டது அவருக்குக் காலையில் பல் தேய்க்கும்போது கிடைக்கும், அதில் ஒரு தனி சந்தோஷம் உண்டு. போன் ஒலிக்காமல் வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டால் தூக்கமும் கெடாது. ராத்திரி நேரத்தில் கூப்பிடுவது மட்டும் வேண்டாம். வெளியூரில் இருப்பவனுக்கு நேரங்கெட்ட நேரத்தில் ஊரிலிருந்து போன் வந்தால், எடுப்பதற்குள் வீட்டில் யாருக்கு என்ன ஆச்சோ என்று பதறிவிடுவான்.

கேள்வி (மயிலாடுதுறை வாசகி): அப்பா வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய பள்ளி நண்பர்கள் மும்பை, மஸ்கட் என்று இருக்கிறார்கள். தினமும் காலையில் காவிரிக்கரையில் நடந்துவிட்டு வந்து ரோஜாப்பூ போட்ட 'காலை வணக்கம்' படத்தை எல்லோருக்கும் அனுப்புகிறார். ஒருவரும் பதில் போடுவதில்லை, அவருக்கு வருத்தம். நான் எப்படிச் சொல்வது?

பதில்: அனுப்பாதீங்க என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அவருக்கு அந்த நேரத்தில் நண்பர்கள் நினைவு வருகிறது, அது நல்ல விஷயம். யாரோ செய்த ரோஜாப்பூவுக்குப் பதிலாக அவர் நடக்கிற இடத்தைப் படம் எடுத்து அனுப்பட்டுமே! துலாக்கட்டமும் ஆற்று நடுவில் இருக்கிற நந்தியும் அந்த நண்பர்களுக்குச் சின்ன வயதிலிருந்து தெரிந்த இடம், இன்றைக்குத் தண்ணீர் எந்தப் படி வரை நிற்கிறது என்று பார்த்தாலே மஸ்கட்காரர் பேச ஆரம்பித்துவிடுவார். ஐப்பசியில் துலா ஸ்நானத்துக்கு வருகிற கூட்டம், மாதக் கடைசி நாளான கடைமுகத்தன்று நெரிசல், மறுநாள் முடவன் முழுக்கு என்று அந்த மாதம் முழுக்கச் சொல்ல நிறைய இருக்கிறது. தட்டச்சு செய்யச் சிரமம் என்றால் கூகுள் விசைப்பலகையில் மைக்கை அழுத்திப் பேசச் சொல்லுங்கள், தமிழில் எழுத்தாகவே விழும். முதல் நாலைந்து நாள் நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து காட்டிக்கொடுங்கள்.

கேள்வி (பேராவூரணி வாசகி): எங்கள் குழுவில் தினமும் வந்து பேசுகிற ஒரு மலேசியத் தோழி ரொம்ப நாளாக ஒன்றுமே எழுதுவதில்லை. படிக்கிறார் என்று மட்டும் தெரிகிறது. விசாரிக்கலாமா, தலையிடுகிற மாதிரி ஆகிவிடுமா?

பதில்: விசாரியுங்கள். இன்றைக்கே விசாரியுங்கள். உங்கள் ஊருக்கு இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் பக்கம் கஜா புயல் கரையேறி, பேராவூரணி, பட்டுக்கோட்டை வட்டாரத்தில் தென்னந்தோப்பு தோப்பாகச் சாய்ந்து கிடந்தபோது, பல கிராமங்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. ஜெனரேட்டர் வைத்திருந்தவர்களிடம் கொடுத்து போனுக்கு சார்ஜ் ஏற்றினோம். அப்படி ஏற்றித் திறந்தபோது எனக்கு வரிசையாக வந்து விழுந்தவை, முகம் பார்த்தறியாத மனிதர்கள் அனுப்பிய மெசேஜ்கள். "எங்கே இருக்கிறாய்", "கூரை இருக்கிறதா", "பதில் போட முடியாவிட்டால் பரவாயில்லை, இங்கே நாங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறோம்". அந்தக் கடைசி வரியை நான் இன்னும் வைத்திருக்கிறேன். அன்றைக்குப் பதில் போடக்கூட எனக்குக் கை வரவில்லை, ஆனால் அதைப் படித்த பிறகுதான் அடுத்த வேலையைப் பார்க்க எழுந்தேன்.

அதனால் உங்கள் தோழிக்கும் அப்படியே எழுதுங்கள். குழுவில் எல்லோர் முன்னாலும் "ஏன் பேசுவதில்லை" என்று கேட்கவேண்டாம், அவர் பதில் சொல்லியாக வேண்டும் என்று ஆகிவிடும். தனியாக, அவருக்கு மட்டும். காரணம் கேட்காதீர்கள். உங்கள் வீட்டு விஷயம் ஏதாவது ஒன்றோடு ஆரம்பியுங்கள், புயலுக்குப் பிறகு வைத்த கன்று இப்போது காய்க்கிறது என்பது மாதிரி, அப்புறம் "உங்க ஞாபகம் வந்தது, பதில் போடணும்னு இல்லை" என்று முடித்துவிடுங்கள். வராவிட்டால் கொஞ்ச நாள் விட்டு இன்னொன்று அனுப்புங்கள். வீட்டில் நோய், வேலை போனது, மனசு சரியில்லாதது, எதுவாகவும் இருக்கலாம், அவற்றைப் பேச யாருக்கும் கொஞ்ச காலம் வேண்டும். அவர் திரும்பி வந்து பேசும்போது இத்தனை நாள் எங்கே போனீர்கள் என்று கேட்காமல், நேற்றுப் பேசிய மாதிரியே என்ன குழம்பு என்று கேளுங்கள்.

ஒருவேளை அவர் பெரிய கஷ்டத்தைச் சொன்னால் உடனே யோசனை சொல்ல ஆரம்பிக்கவேண்டாம். கேட்டுக்கொள்ளுங்கள். அவர் ஊரிலேயே நம்பிக்கையானவர் யாராவது பக்கத்தில் இருக்கிறார்களா என்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள், தூரத்திலிருந்து நாம் செய்ய முடியாததை அவர்கள் செய்வார்கள்.

கேள்வி (நாகப்பட்டினம் வாசகர்): யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் முதல்முறையாகக் கப்பலில் இங்கே வரப்போகிறார். எத்தனையோ வருஷமாக எழுதிப் பழகிவிட்டு நேரில் என்ன பேசுவது என்று எனக்குக் கூச்சமாக இருக்கிறது. எங்கெல்லாம் கூட்டிப் போகலாம்?

பதில்: கேட்கவே சந்தோஷமாக இருக்கிறது. யாழ்ப்பாணம் பக்கத்துக் காங்கேசன்துறையிலிருந்து உங்கள் ஊருக்கு வருகிற கப்பல் 2023 அக்டோபர் 14-ல் ஓட ஆரம்பித்து, கடல் சரியில்லாமல் சில நாளிலேயே நின்று, 2024 ஆகஸ்டில் திரும்பவும் தொடங்கியது. ஏறக்குறைய நாலு மணி நேரப் பயணம். மழைக்காலத்தில் நிறுத்திவிடுவார்கள் என்பதால் ஐப்பசி, கார்த்திகை, மார்கழியைத் தவிர்த்து, தை கடைசியிலோ மாசியிலோ வரச் சொல்லுங்கள். அப்போது சம்பா அறுவடை நடக்கும், ஊர் பார்க்க அழகாகவும் இருக்கும்.

கூச்சம் இரண்டு பக்கமும் இருக்கும், முதல் நாள் சாயங்காலத்துக்குள் போய்விடும். தாராசுரம், தஞ்சாவூர், திருவாரூர் கமலாலயம், வேளாங்கண்ணி, நாகூர் என்று ஒரே நாளில் அடைத்துவிடாதீர்கள். இவ்வளவு காலம் நீங்கள் படம் எடுத்து அனுப்பிய டீக்கடை, மீன் வாங்குகிற இடம், உங்கள் தெரு முனை, திண்ணையில் படுத்திருக்கிற பூனை, இவற்றைத்தான் அவர் முதலில் தேடுவார். அங்கே அழைத்துப் போய் டீ வாங்கிக் கொடுங்கள், பேச்சு தானாக வரும். பேச்சு வராமல் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தாலும் தப்பில்லை. ஒரு முழு நாள் கையில் இருந்தால் கோடிக்கரைக்குப் போய்வாருங்கள், பூநாரைகள் வந்திருக்கிற பருவம், வழியில் வேதாரண்யத்து உப்பளங்களையும் பார்க்கலாம். காரம் அவர்கள் பக்கம் கூடுதல், வீட்டில் சொல்லிவிடுங்கள்.

அவர் இந்திய விசா எடுத்துவிட்டாரா என்று இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். கிளம்புவதற்கு முதல் நாள் கப்பல் உண்டா என்று அவரை அங்கே உறுதி செய்துகொள்ளச் சொல்லுங்கள், காற்று பார்த்துக் கடைசி நேரத்தில் ரத்து செய்வதும் உண்டு. மணி மாற்றிப் பார்க்கிற வேலை இல்லை, யாழ்ப்பாணத்துக்கும் நமக்கும் ஒரே நேரம்.