பப்பாளியில மாவுப்பூச்சி, கத்திரியில புழு: புடுங்கிப் போடாதீங்க அம்மிணி

கேள்வி: நாங்க கோபிச்செட்டிபாளையம் பக்கம்ங்க. பொடக்காலியில ரெண்டு பப்பாளி, பத்துப் பன்னெண்டு கத்திரி, கொஞ்சம் மிளகா, பாத்தியில கீரை, வேலியோரம் செம்பருத்தி. பப்பாளி எலைக்கு அடியில பஞ்சு ஒட்டுன மாதிரி வெள்ளையா அப்பிக் கெடக்குது, காய் மேலயும் ஏறிருச்சு, இப்ப செம்பருத்திக்கும் வந்துருச்சு. கத்திரியில குருத்து வாடித் தொங்குது. பக்கத்துத் தோட்டத்துல ஒரு பாட்டில்ல ஊத்திக் குடுத்த மருந்த எல்லாச் செடிக்கும் ரெண்டு தடவை அடிச்சேன், கொஞ்ச நாள் அடங்குன மாதிரி இருந்துட்டு இப்ப முன்னைக்கும் ஜாஸ்தியாயிருச்சு. பேசாம எல்லாத்தையும் புடுங்கிட்டு சந்தையில காய் வாங்கிக்கலாமான்னு இருக்குதுங்க.

பதில்: புடுங்காதீங்க அம்மிணி, இன்னும் அந்த அளவுக்குப் போகல. ஆனா அந்த பாட்டில மொதல்ல நிறுத்துங்க. லேபிள் இல்லாத மருந்துன்னா அடிச்சு எத்தன நாள் கழிச்சுப் பறிக்கலாம்னு யாராலயும் சொல்ல முடியாது. அதனால மருந்து பட்ட கீரையையும் இப்ப மரத்துலயும் செடியிலயும் இருக்கற காயையும் பறிச்சுக் குழியில போட்டு மூடிருங்க. மாட்டுக்கும் ஆட்டுக்கும் கூடப் போடாதீங்க. வவுறு எரியும்தான், வேற வழி இல்ல.

உங்க பப்பாளியில இருக்கறது பப்பாளி மாவுப்பூச்சி. இது நம்மூர்ப் பூச்சி கெடையாது, மெக்சிகோப் பக்கத்துச் சரக்கு. 2008ல இந்தியாவுலயே மொதல்ல கோயமுத்தூர்லதான் கண்டுபுடிச்சாங்க, அப்புறம் பப்பாளி, மல்பெரி, குச்சிக்கிழங்கு, செம்பருத்தின்னு ஒண்ணு விடாம ஏறி ஈரோடு சேலம் வரைக்கும் வெள்ளாமைய ஒரு வழி பண்ணிருச்சு. பட்டுப்புழு வளர்த்தவங்களுக்கு அது மறக்காது. எத்தன மருந்து அடிச்சும் அடங்கல, ஏன்னா அதோட ஒடம்பு மேல மெழுகு, முட்டையும் பஞ்சுப் பைக்குள்ள பத்திரமா இருக்கும், தண்ணி மேல பட்டு உருண்டு ஓடிரும். கடைசியில 2010ல போர்ட்டோ ரிக்கோவுல இருந்து அசிரோஃபேகஸ் பப்பாயே ன்னு ஒரு சின்ன ஒட்டுண்ணிக் குளவியக் கொண்டு வந்து விட்டதுக்கப்புறம்தான் ஆட்டம் அடங்குச்சு. கண்ணுக்கே சரியாத் தெரியாது, மனுசங்களையும் கொட்டாது. மாவுப்பூச்சி ஒடம்புக்குள்ள முட்டை போடும், புழு உள்ளயே தின்னு வளர்ந்து ஓட்டை போட்டுட்டு வெளிய வந்துரும்.

இப்ப உங்களுக்கே வெளங்கியிருக்கும், மருந்து அடிச்சும் ஏன் ஜாஸ்தியாச்சுன்னு. மெழுகுக்குள்ள இருந்த மாவுப்பூச்சி தப்பிச்சிருச்சு, அதைத் திங்க வந்த குளவியும் பொறிவண்டும் ஒட்டுக்கா செத்திருக்கும்.

இன்னொண்ணு, இதை நெறையப் பேரு கவனிக்கறதில்ல. எலையத் திருப்பிப் பாக்கறப்ப மாவுப்பூச்சிய விடப் பெருசா, நீள நீளமா வெள்ளை மெழுகு நூல் தொங்கிட்டு, தொட்டா வெடுக்குனு நகர்ற ஒண்ணு இருந்தா அதை நசுக்கிராதீங்க. அது கிரிப்டோலேமஸ் ங்கற பொறிவண்டோட புழு, மாவுப்பூச்சியத் திங்கறதுக்கே பொறந்தது, பாக்க மட்டும் அதே வேசம். பாவம் நம்ம ஆளுக அதைத்தான் மொதல்ல தேடிப் புடிச்சுக் கொல்றாங்க.

சரி, என்ன பண்றது. எறும்புல இருந்து ஆரம்பிங்க. மாவுப்பூச்சி விடற இனிப்புத் தண்ணிக்காக எறும்பு அதுக்குக் காவல் காக்கும், குளவிய அண்ட விடாது, குஞ்சுகளத் தூக்கிட்டுப் போயி அடுத்த செடியிலயும் விடும். பப்பாளி அடிமரத்துல ஒரு சாண் ஒயரத்துல பாலித்தீன் பேப்பரை இறுக்கமா சுத்திக் கட்டி அது மேல கிரீஸ் தடவுங்க, பட்டையில நேரா தடவ வேண்டாம். செவுத்துலயோ வேற செடியிலயோ மோதற எலைய வெட்டிருங்க, இல்லாட்டி எறும்பு அந்தால சுத்திட்டு வந்துரும். ரொம்ப அப்பிப்போன எலை, செம்பருத்திக் கொப்பு எல்லாத்தையும் வெட்டி ஒரு கவர்ல போட்டுக் கட்டி வெயில்ல வைங்க, எருக்குழியில வீசாதீங்க. மிச்சத்துக்கு ஓஸ் புடிச்சு எலைக்கு அடியில வேகமா தண்ணி அடிங்க, பூ மேல படாம. வேலியோரம் பார்த்தீனியமும் துத்தியும் இருந்தா அதையும் புடுங்கோணும், பூச்சி அங்கதான் ஒளிஞ்சிருந்து திரும்ப வரும்.

அப்புறமும் இருந்தா ஒரு லிட்டர் தண்ணிக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், எண்ணெய் கலங்கறதுக்குக் கொஞ்சம் காதி சோப்புக் கரைசல். பொழுது சாயறப்ப, பூச்சி இருக்கற எடத்துல மட்டும் அடிங்க. பப்பாளி எலை வெயில்ல கருகும், அதனால ஒரு எலையில அடிச்சுப் பாத்துட்டு அப்புறம் மத்ததுக்கு. துணி தொவைக்கற பவுடர் வேண்டவே வேண்டாம். வேப்பங்கொட்டை கெடைச்சா இன்னும் நல்லது, லிட்டருக்கு 50 கிராம் பருப்பை இடிச்சுத் துணியில கட்டி ராத்திரி ஊற வச்சு வடிகட்டி அடிக்கலாம்.

கத்திரி வேற கதை. குருத்துக்குள்ள புழு பூந்திருக்குது, உள்ள இருக்கறதுக்கு மேல என்ன அடிச்சாலும் சேராது. வாடுன எடத்துக்கு ஒரு இன்ச் கீழ வெட்டிப் பொளந்து பாருங்க, ரோஸ் கலர்ல கெடக்கும், அழிச்சிருங்க. தெனமும் காலையில தண்ணி விடறப்பவே வாடுன குருத்து, ஓட்டை விழுந்த காய் ரெண்டையும் எடுத்துட்டே வந்தா அடுத்த தலைமுறை கொறைஞ்சிரும். மூணு ஏக்கர் கத்திரி போட்டவரு இதைப் பண்ண முடியாதுங்க, ஆள் கூலி எங்க போறது. ஓட்டை காய மண்டியிலயும் எடுக்க மாட்டாங்க. உங்களுக்குப் பன்னெண்டு செடி, கையிலயே முடிஞ்சிரும், மருந்து நிறுத்துனதுக்கப்புறம் வர்ற காயில ஒரு பக்கம் சொத்தைன்னா அதை அரிஞ்சு வீசிட்டு மிச்சத்தக் கொழம்புல போட்டுக்கலாம். வீட்டுத் தோட்டத்துல புழு ஒண்ணுகூட இருக்கப்படாதுன்னு நெனைக்கறதுதான் மருந்துல கொண்டு போயி விடுது.

மிளகாயப் பத்தி நீங்க ஒண்ணும் சொல்லல, ஆனா அனுப்புன போட்டோவுல ஓரமா ரெண்டு செடி சுருண்டு தெரியுது. எலை மேல பாத்துச் சுருண்டா இலைப்பேன், கீழ பாத்துச் சுருண்டா சிலந்திப்பேன், ரெண்டுக்கும் வைத்தியம் வேற. எலையோட அடிப்பக்கம் தெரியற மாதிரி கிட்ட வச்சு ஒரு போட்டோ அனுப்புங்க, இல்லாட்டி ஒரு கொப்ப ஒடிச்சு கவர்ல போட்டுக் கட்டி கோபியிலயே இருக்கற மைராடா வேளாண் அறிவியல் நிலையத்துல காட்டுங்க. அது வரைக்கும் மிளகாய்க்கு எதுவும் அடிக்காதீங்க.