டவர் ஏன் கிடைக்கவில்லை? உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

கேள்வி: தெருவில் ஃபுல் டவர், வீட்டுக்குள் வந்தால் பேச்சு விட்டு விட்டுக் கேட்கிறது. ஏன்?

பதில்: கான்கிரீட் சுவர்தான். 2300 மெகாஹெர்ட்ஸ் மாதிரி உயர்ந்த அலைவரிசை சுவரைத் தாண்டுவதற்குள் சோர்ந்துவிடும், 850, 900 எல்லாம் பரவாயில்லை, உள்ளே ஓரளவு வரும். வீட்டில் வைஃபை இருந்தால் போன் செட்டிங்கில் வைஃபை காலிங்கை ஆன் செய்யுங்கள், கால் வைஃபை வழியாகப் போகும். எதிரில் பேசுபவரிடம் அந்த வசதி இருக்க வேண்டும் என்பதில்லை.

கேள்வி: சிக்னல் பூஸ்டர் வாங்கி மாட்டலாமா அண்ணா?

பதில்: வேண்டாம் தம்பி. அனுமதியில்லாமல் வைப்பது சட்டப்படி குற்றம், அதோடு அந்தப் பெட்டியிலிருந்து கிளம்பும் இரைச்சல் டவர் வரை போய், அக்கம்பக்கத்தில் இருப்பவர்களுக்கும் கால் கட்டாகும்.

கேள்வி: எல்லாக் கோடும் காட்டுது, ஆனா சாயங்காலம் நெட் நகர மாட்டேங்குது.

பதில்: கோடு காட்டுவது சிக்னல் எவ்வளவு வலுவாக வருகிறது என்பதை மட்டும்தான். அதே டவரில் எத்தனை பேர் வீடியோ பார்க்கிறார்கள் என்று அது சொல்லாது.

கேள்வி: வால்பாறைப் பக்கம் வேலைக்குப் போகிறேன். என் நம்பரை எந்தக் கம்பெனிக்கு போர்ட் செய்வது?

பதில்: உடனே போர்ட் செய்யாதீர்கள், மாறிவிட்டால் 90 நாள் திரும்ப முடியாது. மலைப்பகுதியில் ஒரு வளைவு திரும்பினாலே குன்று டவரை மறைத்துவிடும், ஊர்ப் பெயரை வைத்து எதுவும் சொல்ல முடியாது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024-ல் கொண்டுவந்த விதிப்படி கம்பெனிகள் தங்கள் இணையதளத்தில் கவரேஜ் வரைபடம் போட வேண்டும், அதைப் பாருங்கள், அப்புறம் அங்கே குடியிருப்பவர்களிடமும் கேளுங்கள், வரைபடத்தில் பச்சையாக இருக்கும் இடத்தில் எஸ்டேட் தொழிலாளர்களின் லயன் வீட்டுக்குள் எடுக்குமா என்று அவர்களுக்குத்தான் தெரியும். முதலில் இரண்டாவது சிம்மாகப் போட்டுப் பாருங்கள். உங்கள் சிம்முக்கு டவர் இல்லாவிட்டாலும் வேறு கம்பெனி டவர் எட்டினால் அவசர உதவி எண் 112-க்கு கால் போகும்.

கேள்வி: அப்படியென்றால் மற்ற கால்களையும் அடுத்தவர் டவரில் விடலாமே?

பதில்: நியாயமான கேள்வி. தொழில்நுட்பம் தடையே இல்லை. அரசு நிதியில் எழுந்த 4ஜி டவர்களில் ஜியோ, ஏர்டெல், பிஎஸ்என்எல் மூன்றும் ஒன்றின் டவரை மற்றொன்று பயன்படுத்தும் ஏற்பாட்டை 2025 ஜனவரியில் தொடங்கிவிட்டார்கள். கம்பெனிகள் சொந்தச் செலவில் நட்ட டவர்களுக்கு அது பொருந்தாது. நகரத்தில் போட்டி இருக்கட்டும், ஒரே ஒரு டவர் நிற்கிற காட்டுச் சாலையிலும் எஸ்டேட்டிலும் அது எல்லா சிம்முக்கும் எடுக்க வேண்டும் என்று கட்டாயமாக்க வேண்டும், பிரசவ வலி வந்த வீட்டில் ஆஸ்பத்திரிக்கு வண்டி கேட்டு பக்கத்து வீட்டு போனைத் தேடி ஓடும் நிலை இனியும் இருக்கக் கூடாது.