பல் பிரஷோடு ஆற்றைக் கடந்த தளபதி: விக்ஸ்பர்க் கேள்வி பதில்

போன ஞாயிறு சேலத்தில் எங்கள் வாசகர் வட்டத்தில், அமெரிக்க உள்நாட்டுப் போரில் 1863-இல் நடந்த விக்ஸ்பர்க் படையெடுப்பைப் பற்றி ஒன்றரை மணி நேரம் பேசிவிட்டேன். கேள்விக்கு வரும்போது மண்டபத்துக்காரர் விளக்கை அணைக்கத் தொடங்கிவிட்டார். சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போன கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். கூட்டத்துக்கு வராதவர்களுக்காக: நான் பட்டாளத்தில் சப்ளை பிரிவில் இருந்தவன், அப்புறம் சங்ககிரியில் லாரி புக்கிங் ஆபீஸில் கணக்கு எழுதினவன். எந்தப் போரைப் படித்தாலும் என் கண் முதலில் வண்டிகள் மேல்தான் போகும். அதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஓமலூர், கல்லூரி மாணவி: ஐயா, ஒரே ஒரு ஊரைப் பிடிக்க ஏன் இத்தனை பாடு?

ஏற்காட்டுக்கு பஸ்ஸில் போயிருப்பாய் அம்மா. இருபது கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றிலும் டிரைவர் கியரைக் குறைத்து, நின்ற மாதிரி ஆகித்தான் திரும்புவார். மேல் வளைவில் ஒருவன் கல்லோடு உட்கார்ந்திருந்தால் கீழே வருகிற பஸ் அவன் கையில். விக்ஸ்பர்க்கில் மிசிசிப்பி ஆறே அப்படித்தான் வளைந்தது. வளைவை ஒட்டிய மேட்டில் ஊர், மேட்டில் பீரங்கிகள். மேடு என்றால் ஏறக்குறைய 200 அடிதான், ஏற்காட்டுக்காரர்கள் சிரிப்பார்கள். ஆனால் எதிர்க்கரை முழுக்கச் சதுப்பு, அங்கே இருந்து பார்த்தால் அதுவே மலை.

அடிமை முறையைக் காப்பாற்றிக்கொள்ளப் பிரிந்துபோன 11 தென் மாநிலங்களில் டெக்சாஸும் ஆர்கன்சாவும் லூசியானாவின் பெரும்பகுதியும் ஆற்றுக்கு மேற்கே இருந்தன. 1862-லேயே தெற்கே நியூ ஆர்லியன்ஸும் வடக்கே மெம்பிஸும் வடக்குப் படையின், அதாவது மத்திய அரசுப் படையின், கைக்கு வந்துவிட்டன. நடுவில் விக்ஸ்பர்க்கும் போர்ட் ஹட்சனும் மட்டும் பாக்கி. அந்த இரண்டும் விழுந்தால் தெற்கு இரண்டு துண்டு.

வாழப்பாடி, விவசாயி: நேராகப் போய் மோதியிருக்கலாமே?

மோதிப் பார்த்தார்கள். 1862 டிசம்பரில் வடக்குத் தளபதி கிராண்ட் ரயில் பாதையை ஒட்டித் தரை வழியாக இறங்கினார். அவருக்குக் கீழிருந்த தளபதி ஷெர்மன் ஆற்று வழியாக. டிசம்பர் 20 அன்று வான் டோர்ன் என்கிற தெற்குக் குதிரைப்படைத் தளபதி, ஹாலி ஸ்பிரிங்ஸில் கிராண்ட் சேர்த்து வைத்திருந்த கிடங்கையே கொளுத்திவிட்டார். கிராண்ட் திரும்ப வேண்டியதாயிற்று. தனியாக மாட்டிக்கொண்ட ஷெர்மன் சிக்கசா சதுப்பில் அடி வாங்கினார். அப்புறம் ஆற்றைத் திருப்பக் கால்வாய் வெட்டினார்கள், ஓடைகளில் கப்பலைத் திணித்தார்கள். குளிர்காலம் முழுக்கச் சேறு, காய்ச்சல். பலன் ஒன்றுமில்லை.

ஆனால் ஹாலி ஸ்பிரிங்ஸ் போனபின் திரும்பி வந்த வழியில் ஒன்று நடந்தது. சுற்றுவட்டாரப் பண்ணைகளில் இருந்த தானியத்தையும் ஆடுமாடுகளையும் எடுத்துத்தான் படை சாப்பிட்டது, மிச்சமும் இருந்தது. கிராண்ட் இதை மனதில் குறித்துக்கொண்டார்.

எடப்பாடி, பெயர் வேண்டாம் என்றவர்: பூலாம்பட்டியில் விசைப்படகில் நெரிஞ்சிப்பேட்டை போவதற்கே எங்கள் வீட்டில் பயப்படுவார்கள். பாலமில்லாத பெரிய ஆற்றை ஒரு படையே கடந்தபோது எதிரி சும்மாவா இருந்தான்?

நல்ல கேள்வி. எதிரி சும்மா இல்லை, வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.

கிராண்டின் படை மேற்குக் கரையில் ஊரைச் சுற்றிக்கொண்டு சதுப்பு வழியாகத் தெற்கே நடந்தது. கப்பல் இல்லாமல் கடக்க முடியாதே? ஏப்ரல் 16 இரவு, வடக்குக் கடற்படைத் தளபதி போர்ட்டரின் கப்பல்கள் விக்ஸ்பர்க் பீரங்கிகளுக்கு அடியிலேயே ஓடின. கொதிகலனைச் சுற்றிப் பஞ்சுப் பொதி, வைக்கோல் பொதி அடுக்கியிருந்தார்கள். தெற்கத்தியார் கரையில் வீடுகளைக் கொளுத்தி வெளிச்சம் போட்டார்கள். கப்பல்கள் ஊர்ப்பக்கக் கரையை ஒட்டியே போனதால் பல குண்டுகள் தலைக்கு மேல் போயின. ஒரே ஒரு சரக்குக் கப்பல்தான் நாசமாயிற்று.

அடுத்த நாளே கிரியர்சன் என்கிற வடக்குக் குதிரைப்படைத் தளபதி 1,700 குதிரைவீரர்களோடு மிசிசிப்பி மாநிலத்தின் நடுவில் புகுந்து, தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டே பதினாறு நாளில் வடக்கின் கையில் இருந்த பேட்டன் ரூஜ் ஊருக்குப் போய்ச் சேர்ந்தார். இத்தனைக்கும் அவர் போருக்கு முன் பாட்டு வாத்தியார். சின்ன வயதில் குதிரையிடம் உதை வாங்கியதிலிருந்து குதிரையே பிடிக்காது! தெற்குத் தளபதி பெம்பர்டன் தன் குதிரைப்படையை இவர் பின்னால் அனுப்பினார். அதே நேரம் ஷெர்மன் ஊருக்கு வடக்கே தாக்கப் போவதுபோல் பாவனை காட்டினார்.

ஏப்ரல் 29 அன்று தளபதி கிராண்ட், கிராண்ட் கல்ஃப் என்கிற ஆற்றங்கரை ஊரில் இறங்கப் பார்த்து முடியவில்லை. இன்னும் கீழே புருயின்ஸ்பர்க்கில் இறங்கலாம், அங்கிருந்து மேட்டுக்கு நல்ல பாதை உண்டு என்று சொன்னவர் அந்தப் பகுதிக் கறுப்பினத்தவர் ஒருவர். மறுநாள் அங்கே இறங்கினார்கள். சுடுவதற்கு ஆளே இல்லை.

சங்ககிரி, லாரி உரிமையாளர்: அண்ணே, கிராண்ட் சப்ளையை அடியோடு அறுத்துக்கொண்டு போனார் என்று படித்தேன். நம்ம தொழிலில் இருக்கிறவன் நம்புவானா?

நம்ப வேண்டாம். இதற்காகத்தான் நான் அன்று மைக்கைப் பிடித்தேன்.

உங்கள் டிரைவர் வடநாட்டு டிரிப் கிளம்பும்போது என்ன ஏற்றுகிறார்? அடுப்பு, அரிசி, புளி, மிளகாய்த்தூள். காய்கறியும் தண்ணீரும் வழியில். வழியில் கிடைக்காததைக் கையில் வைத்துக்கொள், கிடைப்பதைச் சுமக்காதே. கிராண்ட் செய்தது இதுதான். ஆற்றைக் கடந்ததும் கிராண்ட் கல்ஃபைப் பிடித்துக் கிடங்காக்கினார். மே 3 அன்று ஷெர்மனுக்கு எழுதுகிறார்: 120 வண்டி சேர்த்து அனுப்பு; 1,00,000 பவுண்டு உப்பிட்ட பன்றிக்கறி, மற்றபடி காபி, சர்க்கரை, உப்பு, கெட்டி ரொட்டி. இது சப்ளையை அறுத்தவன் எழுதுகிற கடிதமா?

ஷெர்மன் பயந்தவர். ஒரே பாதையில் இத்தனை படைக்கு வண்டி ஓட்ட முடியாது, எல்லோரையும் நிறுத்துங்கள் என்று மே 9 அன்று எழுதினார். கிராண்ட் பதில் எழுதினார்: முழு ரேஷனை நான் எதிர்பார்க்கவில்லை. ரொட்டி, காபி, உப்பு முடிந்தவரை வரட்டும், மிச்சத்தைச் சுற்றுவட்டாரமே கொடுக்கும். மாவும் மாமிசமும் பண்ணையில் கிடைக்கும், தோட்டா கிடைக்காது. அதனால் அக்கம்பக்கத்தில் சக்கரம் வைத்த எதுவாயிருந்தாலும் பிடித்து வரச் சொன்னார். பணக்காரர்கள் சர்ச்சுக்குப் போகும் சாரட்டில் தோட்டாப் பெட்டிகள் மேல்கூரை வரை. இழுப்பது ஏரில் கட்டும் கோவேறு கழுதை. அந்த ஊர்வலத்தை ஒரு தடவை பார்த்திருக்க வேண்டும் போலிருக்கிறது எனக்கு.

அவர் சொந்த மூட்டை? கூடவே போன அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் வாஷ்பர்ன் எழுதியது: ஒரு பல் பிரஷ். (நான் ஒருமுறை மலைப்பாதையில் மூன்று நாள் ரேஷனைச் சரியாக ஏற்றிவிட்டுத் தீப்பெட்டியை மறந்தவன். எதை விடலாம் என்று முடிவு செய்வது அத்தனை லேசில்லை.)

அஸ்தம்பட்டி, வங்கி ஊழியர்: பெம்பர்டன் முட்டாளா?

இல்லை. இரண்டு மேனேஜருக்குக் கீழே வேலை பார்த்தவர். உங்களுக்குப் புரியும்.

தெற்கின் ஜனாதிபதி டேவிஸ், விக்ஸ்பர்க்கையும் போர்ட் ஹட்சனையும் எக்காரணம் கொண்டும் விடாதே என்றார். நேர் மேலதிகாரி ஜான்ஸ்டன், ஊர் கிடக்கட்டும், படையைத் திரட்டிக்கொண்டு வெளியே வா, ஜெயித்தால் ஊர் தானாகத் திரும்பும் என்றார். என் கணக்கில் ஜான்ஸ்டன் சொன்னதுதான் சரி. ஆனால் சொன்னவர் தானே களத்தில் இறங்கவில்லை. மே 13 அன்று மிசிசிப்பி மாநிலத் தலைநகர் ஜாக்சனிலிருந்து, வந்து என்னோடு சேர்ந்து தாக்கு என்று மூன்று தூதர்களிடம் கடிதம் கொடுத்தார். மூவரில் ஒருவன் வடக்கின் ஒற்றன். மறுநாள் கடிதம் கிராண்ட் கையில்.

பெம்பர்டன் இரண்டு பேர் சொன்னதையும் கேட்கவில்லை. தெற்கே போய் கிராண்டின் சப்ளை பாதையை வெட்டுவோம் என்று கிளம்பினார். வழியில் பேக்கர்ஸ் ஓடையில் வெள்ளம், பாலம் போயிருந்தது, நேரம் போயிற்று. மறுநாள் ஜான்ஸ்டனிடமிருந்து இன்னொரு கட்டளை வர, படையைத் திருப்பினார். திரும்புகிற நேரத்தில், மே 16, சாம்பியன் ஹில்லில் கிராண்ட் வந்து மோதினார். அங்கே வடக்கு 32,000, தெற்கு 22,000 அளவில். மேடு கை மாறி மாறி, கடைசியில் வடக்கிடம் நின்றது. பெம்பர்டனுக்குக் கீழிருந்த லோரிங்கின் படைப்பிரிவு துண்டாகி வேறு பக்கம் போய்விட்டது. பெம்பர்டன் பாக்கிப் பேரோடு ஊருக்குள் ஓடினார். பதினேழு நாளில் ஐந்து சண்டை, ஐந்திலும் தோல்வி.

அதே நண்பர்: அப்படியானால் கிராண்ட் தவறே செய்யவில்லையா?

செய்தார், பெரிய தவறு. ஓடி வந்த படை மனமுடைந்திருக்கும் என்று மே 19-இலும் 22-இலும் ஊரைச் சுற்றியிருந்த அரண்களை நேராகத் தாக்கினார். 22-ஆம் தேதி மட்டும் ஏறக்குறைய 3,200 பேர் செத்தும் காயப்பட்டும் விழுந்தார்கள். நடுவில், அரணைப் பிடித்துவிட்டேன் என்று அவருக்குக் கீழிருந்த தளபதி மெக்கிளர்னண்ட் அனுப்பிய செய்தியை நம்பாமலே நம்பி மறுபடி ஆளை அனுப்பினார். காயம்பட்டவர்கள் வெயிலில் கிடந்தார்கள். 25-ஆம் தேதிதான் சண்டையை நிறுத்தித் தூக்கினார்கள். வண்டிக் கணக்கில் கெட்டிக்காரர் இந்த மூன்று நாளில் செய்ததை என்னால் மன்னிக்க முடியவில்லை.

கொண்டலாம்பட்டி, பள்ளி மாணவன்: முற்றுகையில் கழுதைக் கறி சாப்பிட்டது உண்மையா?

உண்மை தம்பி, கோவேறு கழுதை. தாக்கிப் பிடிக்க முடியாமல் போனபின் கிராண்ட் ஊரைச் சுற்றி வளைத்து உட்கார்ந்துவிட்டார். ஊர் ஜனம் மண் மேட்டில் குகை தோண்டிக் குடியிருந்தது. செய்தித்தாள் அச்சடிக்கக் காகிதம் தீர்ந்து, சுவரில் ஒட்டும் பூத்தாளின் பின்பக்கத்தில் அடித்தார்கள்.

ஆத்தூர், ஆசிரியர்: கெட்டிஸ்பர்க்கைத்தானே எல்லோரும் பேசுகிறார்கள்?

கிழக்கே பென்சில்வேனியாவில் நடந்த அந்தச் சண்டை ஜூலை 3-இல் முடிந்தது. விக்ஸ்பர்க் 4-இல் சரணடைந்தது. கெட்டிஸ்பர்க்கில் தோற்ற தெற்குத் தளபதி லீயின் படை தப்பிப் போய் இன்னும் இரண்டு வருடம் சண்டை போட்டது. விக்ஸ்பர்க்கில் 29,000-க்கும் மேற்பட்ட படை முழுசாகக் கையில் வந்தது. கிராண்ட் அவர்களைச் சிறைக்குக் கொண்டுபோகவில்லை, கைதிப் பரிமாற்றம் ஆகும்வரை சண்டை போடுவதில்லை என்று கையெழுத்து வாங்கி அனுப்பிவிட்டார். அத்தனை பேரைக் கப்பலேற்றிச் சோறு போடுவது யார்? மறுபடி வண்டிக் கணக்குதான். எனக்கு விக்ஸ்பர்க்.

ஏற்காடு, காபித் தோட்ட மேற்பார்வையாளர்: பெம்பர்டன் அப்புறம் என்ன ஆனார்?

அவர் பிறந்தது வடக்கே, பென்சில்வேனியாவில். மனைவி வர்ஜீனியாக்காரி, மனைவியின் பக்கம் வந்துவிட்டார். தம்பிகள் இருவர் வடக்குப் படையில். அதனால் வேண்டுமென்றே ஊரைக் கொடுத்துவிட்டான் என்று தெற்கில் பேசினார்கள். அப்புறம் யாரும் அவருக்குப் படை கொடுக்கத் தயாராக இல்லை. 1864-இல் லெப்டினன்ட் ஜெனரல் பதவியை உதறிவிட்டு, பீரங்கிப் படையில் லெப்டினன்ட் கர்னலாகச் சேர்ந்து கடைசிவரை தெற்குக்காகவே சண்டை போட்டார். போர் முடிந்ததும் வர்ஜீனியாவில் கொஞ்ச காலம் விவசாயம். பிறகு பென்சில்வேனியாவுக்கே திரும்பிப் போய் 1881-இல் இறந்தார்.